பெரியம்மாவின் நாவூறு

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அதற்காக ஒருவர் வாசலிலும் போய் நின்றதில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதனால் எழுத்துக் கோணலாக இருக்கும். விசயம் கோணல் இல்லை.

இப்போது கனடாவில், ஸ்காபரோவில் மகளோடு அடுக்குமாடியில் இருக்கிறேன். போன கிழமை எங்கள் கட்டிடத்துப் பிள்ளைகள் பலருக்கு வாந்தியும் காய்ச்சலும். ஒன்பதாம் மாடிக்குப் புதிதாக வந்த மனுசி ஒருத்தி, லிஃப்டில் காணும் பிள்ளைகளுக்கெல்லாம் இனிப்புக் கொடுக்கிறவள். மகள் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, உந்த மனுசியோடை லிஃப்டிலை ஏறாதேங்கோ."

"ஏன், ஆர் என்ன கண்டது?"

"வாட்சப் குறூப்பிலை எல்லாரும் போட்டிருக்கினம்."

எல்லாரும். யாழ்ப்பாணத்தில், என் எட்டு வயதில், இதே சொல்லைக் கேட்டிருக்கிறேன்.

அப்போது பெரியம்மா எங்கள் வீட்டில் இருந்தார். ஐயாவின், அதாவது என் அப்பாவின், தமையன் மனைவி. விதவை, பிள்ளை இல்லை. ஐயாவைச் சிறுவயதில் சோறு தீத்தி வளர்த்தவரும் அவர்தான். எங்கள் ஆட்கள் ஒரு பிள்ளையை வடிவு, அழகு என்று முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். நாவூறு பட்டு நோய் வரும் என்ற பயம். பெரியம்மாவுக்கு அந்தப் பயம் இல்லை. என் தலையை இழுத்துப் பின்னிவிட்டு, "என்ரை ராசாத்தி, சந்திரன் மாதிரி" என்பார். அதைக் கேட்காமல் நான் பள்ளிக்கூடம் போனதில்லை.

அந்த வருடம் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு பிள்ளைகளுக்குச் சின்னமுத்து. உடம்பெல்லாம் சிவந்து காய்ச்சல் காய்ந்தது. ஒரு பிள்ளை செத்தும் போனது. தாய்மார் ஒவ்வொருவரும் யோசித்தார்கள்: என் பிள்ளையை யார் புகழ்ந்தது? பெரியம்மா எல்லாப் பிள்ளைகளையும் புகழ்ந்திருந்தார்.

அவருடைய காலடி மண்ணை அள்ளி, உப்பும் செத்தல் மிளகாயும் சேர்த்து, எங்கள் முற்றத்தில் நெருப்பில் போட்டார்கள். புகை தொண்டையில் கமறினால் ஒன்றுமில்லை, கமறாவிட்டால் அவருடைய நாவூறுதான். அன்றைக்கு நல்ல காற்று. புகை வேலிக்கு அப்பால் போய்விட்டது. அங்கே கட்டியிருந்த ஆடு மட்டும் தும்மித் தும்மி நின்றது. ஆட்டை யார் கேட்டார்கள்?

"பாத்தீங்களே, ஒருத்தருக்கும் கமறேல்லை. எல்லாரும் சொன்னது சரியாப் போச்சு. உவவை வைச்சிருந்தால் உங்கடை பெட்டைக்கும் உதே கதிதான்" என்றார் பக்கத்து வீட்டு மாமி.

ஐயா நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "மச்சாள், கொஞ்ச நாளைக்கு உங்கடை தம்பியிட்டைப் போய் இருங்கோவன்."

பெரியம்மா உள்ளே போய்ப் பெட்டியில் சேலைகளை அடுக்கத் தொடங்கினார்.

மறுநாள் காலை அவர் பெட்டியோடு புறப்பட்டபோது, நான் புதுச் சட்டை போட்டு, தலையை நானே பின்னிக்கொண்டு வாசல் படலையில் நின்றேன். வழமையான அந்தச் சொல்லுக்காகத்தான். பெரியம்மா என்னை வெகுநேரம் பார்த்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். பிறகு கையை எடுத்து, ஒழுங்கைக்கே கேட்கச் சொன்னார்:

"சீ, குரங்குக்குட்டி மாதிரி இருக்கிறாய். உள்ளை போடி!"

பெரியம்மாவுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நாள் முழுக்க அழுதேன். அதற்குப் பிறகு அவரை நான் காணவே இல்லை. எனக்குச் சின்னமுத்து வரவில்லை; அவர் போனதால்தான் வரவில்லை என்றும் சொன்னார்கள்.

நேற்றுக் கீழே லொபியில் அந்த ஒன்பதாம் மாடி மனுசி நின்றாள். என் பேத்தியைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் அவளோடுதான் லிஃப்டில் ஏறினேன். ஒன்பதாம் மாடி வரைக்கும் அவள் திரும்பவில்லை.

பேத்தி சனிக்கிழமை வகுப்பில் தமிழ் வாசிக்கப் பழகியிருக்கிறாள். எங்கே, என்ரை குரங்குக்குட்டி, இங்கே வந்து இதை எனக்கு ஒருக்கால் வாசித்துக் காட்டு.