இரண்டடியில் நின்ற குழி

சவரிமுத்து வாத்தியாரைக் கொன்றவன் நான்தான்.

கரண்ட் அடித்துச் செத்தார் என்றுதான் ஊரில் உங்களிடம் சொல்வார்கள். கரண்டுக்கு என்ன தெரியும்? நான் காட்டிய வழியில் அது போயிற்று!

ஆலங்குடிப் பக்கம் மின்சாரம் புதிதாக வந்திருந்த காலம். வயரிங் வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை. இன்றும் அதைத் தயங்காமல் சொல்வேன். வாத்தியார் வீட்டு வேலையைப் பிடித்தேன். எர்த்துக்கு எட்டடிக் குழி தோண்டி, இரும்புக் குழாயை இறக்கி, உப்பும் கரியும் கொட்டி மூடவேண்டும். இரண்டடியிலேயே செம்பாறை! கடப்பாறை முனை மழுங்கிவிட்டது. எனக்கோ மறுநாள் திருவரங்குளத்தில் வேலை...

என்ன செய்தேன் தெரியுமா? எர்த் கம்பியைக் கொண்டுபோய்க் கொல்லையிலிருந்த தண்ணீர்க் குழாயில் கட்டினேன். புதுக்கோட்டை டவுனில் குழாய்கள் மண்ணுக்குள் ஓடும். கசிகிற மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். இங்கே அது மாடித் தொட்டியிலிருந்து சுவரோடு இறங்கி இடுப்பு உயரத்தில் முடிந்துவிட்ட குழாய். எங்கும் மண்ணைத் தொடவில்லை. அண்ணாந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை... அவ்வளவு தலைக்கனம்!

வாங்கி வைத்திருந்த உப்பையும் கரியையும் அந்த இரண்டடிக் குழியில் கொட்டி, ஒப்புக்கு ஒரு குழாய்த் துண்டை நட்டு வைத்தேன்.

வாத்தியாரின் மனைவி ஞானம்மா வந்து பார்த்தார். "இதுக்கு நாங்க எதுவும் செய்யணுங்களா?"

"தெனம் ஒரு கொடம் தண்ணி ஊத்துங்கம்மா. ஈரம் காயக்கூடாது."

தவறாமல் ஊற்றினார்.

அடுத்த கோடையில் ஒரு காலை. ஞானம்மா உள்ளே கணவரின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பெட்டியில் கசிவு. மரக் கைப்பிடி அவரைக் காப்பாற்றியது. கசிந்த மின்சாரம் என் கம்பி வழியே குழாய்க்கு ஓடியது. ஈரக்கல்லில் வெறுங்காலோடு நின்று, முகம் கழுவக் குழாயைத் திருகினார் வாத்தியார்...

துக்கத்துக்குப் போனவன், முதலில் கொல்லைக்குப் போய் யாரும் பார்க்காமல் அந்தக் கம்பியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். திரும்பினால் ஞானம்மா எதிரே வருகிறார்.

"கெணத்துல தண்ணி கொறஞ்சுபோச்சுன்னு மூணு நாளா குழிக்குத் தண்ணி ஊத்தலைங்க. அதனாலதான் இப்புடி ஆயிப்போச்சா?"

உண்மையைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? நான் சொன்னது இதுதான்: "ஊத்தியிருக்கணும்மா."

பிறகு பாறையை உடைத்து, எட்டடி இறக்கி, அந்த வீட்டுக்குச் சரியான எர்த் போட்டுக் கொடுத்தேன். அதற்கும் அவர் எனக்கு நன்றி சொன்னார். அதன்பின் நான் போட்ட எந்த எர்த்திலாவது ஒரு குறை கண்டுபிடியுங்கள், பார்ப்போம்! ஆனால் அதைச் சொல்லி என்ன?

போன மாதம் பியூஸ் போய்விட்டதென்று கூப்பிட்டார். ஞானம்மாவுக்குப் பிறந்த ஊர் ஆவூர். மாதாமாதம் பஸ் ஏறி அங்குள்ள மாதா கோயிலுக்குப் போய், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் செய்கிறாராம். ஒவ்வொரு முறையும் அதே பாவம்... தண்ணீர் ஊற்றாமல் கணவரைக் கொன்றுவிட்டேன் என்று!

"சாமியார் மன்னிப்புக் குடுத்துட்டாருங்க. எனக்குத்தான் மனசு ஆறல" என்றார்.

நான் பியூஸைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.