எந்தப் போட்டு, என்னைக்கு வந்தது?

ஆலந்தலைக் கடற்கரையில் மீன் ஏலம் விடும் கஸ்பாருக்கு ரகசியம் பேசத் தெரியாது. இருபத்திரண்டு வருஷம் அலைச்சத்தத்தை மீறிக் கத்தியதில் அவர் குரல் தணிவு என்பதையே மறந்துவிட்டது. கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்ல அவர் போனால் வரிசையில் நிற்பவர்கள் மரியாதைக்காகப் பத்தடி தள்ளி நிற்பார்கள். அப்படியும் கேட்கும்.

அப்படிப்பட்டவருக்குத்தான் ஒளித்துவைக்க வேண்டிய சேதி ஒன்று வந்தது. ரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்த மூன்றாம் வாரம் கூப்பிட்டுச் சொன்னார்கள்: ஹெபடைட்டிஸ் பி, ஈரலைப் பிடிக்கிற வைரஸ். டாக்டரைப் பார்க்கச் சொல்லி ஒரு சீட்டும் கொடுத்தார்கள். கஸ்பார் அந்தச் சீட்டை மாதா படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, தோஹாவில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் தம்பி பெவினுக்குப் போன் போட்டார். அந்தக் குரலில் வீட்டில் மனைவிக்கும் சேதி தெரிந்துவிட்டது.

பெவினுக்கு ஊரைவிட்டுப் போனதிலிருந்து பயம் ஜாஸ்தி. இங்கே மேகம் கறுத்தால் அங்கே அவன் குடை தேடுவான். அன்றைக்கு மட்டும் நாற்பத்தொரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"அண்ணே, உப்பத் தொடாத. எண்ணெயத் தொடாத. மீன் வாசமே ஆகாதுன்னு ஒரு வீடியோவுல சொல்லுதான்."

மீன் வாசம் ஆகாதென்றால் கஸ்பார் எங்கே போய் மூச்சு விடுவது? மறுநாள் ஐஸ் கடை கிருபை அண்ணாச்சியிடம் போனார்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தனுக்கு ஈரல்ல கோளாறு அண்ணாச்சி. நான் இல்ல. வேற ஆளு."

"கீழாநெல்லிய அரச்சு ஏழு நாள் குடிக்கச் சொல்லும்வே, அந்த வேற ஆள."

பெவின் அனுப்பிய இன்னொரு வீடியோவில் அது இருபத்தொரு நாள். அதற்கடுத்ததில் நாற்பத்தெட்டு நாள், உப்பில்லாக் கஞ்சி, தனித் தட்டு, தனி டம்ளர். கஸ்பாருக்குத் தெரிந்த நியாயம் ஒன்றுதான்: யார் கூடுதலாகக் கேட்கிறாரோ அவருக்கே சரக்கு. குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்று, "நாப்பத்தெட்டு ஒரு தரம்! நாப்பத்தெட்டு ரெண்டு தரம்! நாப்பத்தெட்டு மூணு தரம்!" என்று தன் ஈரலைத் தானே ஏலம் விட்டு முடித்தார். அடுத்த தெரு நாய் எழுந்து நின்றது.

அன்றிலிருந்து வீட்டில் கூத்துதான். தன் தட்டின் அடியில் மனைவி பிலோமியின் நகப்பூச்சால் சிவப்புச் சிலுவை போட்டுக்கொண்டார். காலையில் எழுந்ததும் கண்ணாடி முன் நின்று, புது மீன்தானா என்று செவுளைத் தூக்கிப் பார்ப்பது போலக் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். மஞ்சள் ஏறியிருக்கிறதா என்று ஒத்துப் பார்க்கக் கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம்.

"ஏளா பிலோமி, செவுளு சிவப்பா இருக்கா பாரு."

"நீங்க என்ன ஊளி மீனா? அந்தப் பழத்தத் தாங்க, ஊறுகாய்க்கு வேணும்."

பிலோமி சிரித்தாலும் உள்ளுக்குள் கவலை பிடித்திருந்தது. பன்னிரண்டு நாளில் மனுஷன் கருவாடாய்ச் சுருங்கியிருந்தார். அதைவிட, ஞாயிற்றுக்கிழமை கோயில் அசனம். ஊரே பந்தி பந்தியாக உட்கார்ந்து சாப்பிடும் அந்த விருந்தில், பத்தொன்பது வருஷமாகக் கறிவாளி கஸ்பார் கையில்தான். இந்த வருஷம் கமிட்டிக்காரர்கள் வந்தபோது கை சுளுக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"நான் தொட்ட சோத்த ஊரு சாப்பிட்டு எவனுக்காவது வந்துட்டா?" என்றார். அன்றைக்குத்தான் அவர் குரல் முதன்முதலாகத் தணிந்தது. பிலோமி பயந்து போனாள். மாதா படத்தின் பின்னாலிருந்து சீட்டை உருவிக்கொண்டு, வெள்ளிக்கிழமை அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டர் ஷீஜா பக்கத்திலிருக்கும் நாசரேத் ஊர்க்காரர். பெவினின் மெசேஜ்களில் ஆறு கேட்டார். ஏழாவதில் போனை மேசைமேல் கவிழ்த்தார்.

"அண்ணாச்சி, உங்ககிட்ட ஒருத்தன் மீன் கொண்டுவந்தா மொதல்ல என்ன கேப்பீங்க?"

"எந்தப் போட்டு, என்னைக்கு வந்ததுன்னு கேப்பேன்."

"இத யார் சொன்னா, என்னைக்குச் சொன்னான்னு கேட்டீங்களா? நாப்பத்தெட்டு நாள் சொன்னவரு கடைசியில என்ன வித்தாரு?"

கஸ்பார் யோசித்தார். "ஒரு சூரணம்."

"பேரு இல்ல, தேதி இல்ல, கையில சரக்கு மட்டும் இருக்கு. இப்படி ஒரு மீன நீங்க ஏலத்துல ஏத்துவீங்களா?"

கஸ்பாருக்கு வெட்கமாகிவிட்டது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. "அப்ப நீங்க எத்தன நாள் சொல்லுதீங்கம்மா?"

"பத்தியம் ஒரு நாளும் இல்ல. உப்புப் போட்டு மீன் சாப்பிடுங்க. சாராயம் மட்டும் ஆகாது. என்கிட்டக் கேக்காம எந்த மருந்தும் பச்சிலையும் வேண்டாம், சிலது ஈரலையே கெடுக்கும். கண்ணப் பாத்து இது தெரியாது. ஆறு மாசத்துக்கு ஒருக்க ரத்தமும் ஸ்கேனும் பாக்கணும். மாத்திரை வேணும்னா நான் சொல்லுவேன்."

"கறிவாளி?"

"இது ரத்தம் வழியாப் பரவும், புருஷன் பொண்டாட்டி உறவுல பரவும், பிரசவத்துல தாய்கிட்ட இருந்து பிள்ளைக்குப் போகும். சோறு, தட்டு, டம்ளரு, இருமல், ஒண்ணுலயும் பரவாது. ஷேவிங் பிளேடும் பல் பிரஷும் தனியா வச்சுக்கோங்க. வாளிய எடுங்க."

நாள் கணக்கில் ஏலம் கேட்டவர்களிலேயே மிகக் குறைவாகக் கேட்டவர் இவர்தான். கஸ்பார் வாழ்க்கையில் முதல் தடவையாகக் குறைந்த கேள்விக்குச் சரக்கை விட்டார். பிலோமிக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், அவளுக்கு இல்லை. மூன்று தடுப்பூசியில் முதலாவதைப் போட்டு அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கஸ்பார் கறிவாளியோடு பந்தியில் இறங்கினார். மூன்றாவது இலையில் கிருபை அண்ணாச்சி.

"ஏம்வே, அந்த வேற ஆளு கீழாநெல்லி குடிச்சானா?"

கஸ்பார் குனிந்து, தன்னால் முடிந்தமட்டும் தணிவாக, காதோடு காதாகச் சொன்னார்: "அண்ணாச்சி, அந்த வேற ஆளு நான்தான். ஹெபடைட்டிஸ் பி. சோத்துல பரவாதுன்னு டாக்டரு சொல்லிட்டாங்க."

நான்கு பந்தியும் திரும்பிப் பார்த்தது. ரசம் ஊற்றியவன் அப்படியே நின்றான்.

கிருபை அண்ணாச்சி தன் இலையைப் பார்த்தார், கஸ்பாரைப் பார்த்தார்.

"எந்த டாக்டரு? என்னைக்குச் சொன்னாங்க?"

"ஷீஜாம்மா. முந்தாநேத்து."

"அப்பச் சரி. எலும்பா அள்ளாதயும்வே, கறியாப் போடும்."

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. தோஹாவிலிருந்து அன்றைய நாற்பத்திரண்டாவது மெசேஜ். கஸ்பார் அடுத்த இலைக்கு நகர்ந்தார்.