ஐந்தாவது ஆள்

அந்தச் சின்னக் கல்லூரியில் விளையாட்டு மாஸ்டருக்குக் கொடுத்த அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். பத்து வருஷமாக இடித்துக்கொண்டுதான் இருந்தார். மேடு, பள்ளம், சேறு என்று ஆறு கிலோமீட்டர் ஓடுகிற கிராஸ் கன்ட்ரி பெண்களுக்கு இதுவே அதிகம் என்பது பிரின்சிபாலின் எண்ணம்.

அந்த ஓட்டத்தில் ஒரு பொல்லாத விதி உண்டு. ஐந்து பேர் ஓடி முடித்தால்தான் அணி என்று எழுதுவார்கள். நான்கு பேர் பறந்து வந்தாலும், ஐந்தாவது ஆள் இல்லையென்றால் அந்தக் கல்லூரி வராத மாதிரிதான். மூன்று வருஷமாக மாஸ்டருக்கு நான்கு பேரோடு நின்றது. ஒரு வருஷம் ஒருத்திக்குக் கல்யாணம், அடுத்த வருஷம் ஒருத்திக்குக் கணுக்கால், அதற்கடுத்து ஒருத்தியின் அப்பா விடவில்லை.

"இந்தத் தடவையும் அணி இல்லைன்னா ரூம் சாவியைக் கொடுத்துடுங்க மாஸ்டர். ஓட்டமும் போதும். கேரம் ஆடுறவங்க இடம் கேட்டுக்கிட்டே இருக்காங்க," என்றார் பிரின்சிபால்.

கெஞ்சிக் கூத்தாடி மாஸ்டர் ஒருத்தியைப் பிடித்தார். மற்ற நான்கு பேரும் அவளுக்கு வைத்த பெயர் நத்தை. மெதுவாகத்தான் ஓடுவாள்; ஆனால் நிற்க மாட்டாள்.

மாஸ்டர் தினமும் சொல்லுவார்: "விழுந்தா தானா எழுந்திரிக்கணும். ஓடாத ஆள் யாரு தொட்டுத் தூக்கினாலும் ஓட்டம் செல்லாது. உங்க அம்மாவே வந்தாலும் தள்ளி நில்லுன்னு சொல்லுங்க."

போட்டியன்று நான்கு பேர் வந்து சேர்ந்துவிட்டார்கள். நத்தையைக் காணோம். ஆட்கள் முடிவுக் கோட்டருகே கட்டியிருந்த கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்கள்.

"ஐயா, இன்னும் ஒரு பிள்ளை இருக்கு!"

"எங்க சார் இருக்கு? நாங்க வீட்டுக்குப் போக வேணாமா?"

"அப்ப என்னையும் சேர்த்துச் சுருட்டுங்க," என்று மாஸ்டர் கயிறு கட்டியிருந்த கம்பத்தைக் கட்டிக்கொண்டார்.

மேட்டில் ஒரு தலை தெரிந்தது. "வாடி நத்தை! வா, வா!" என்று நான்கு பேரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். கோட்டுக்குப் பத்தடி இருக்கும்போது கால் மடங்கி விழுந்தாள்.

கடவுளே, இந்த ஒரு தடவை என்று மாஸ்டர் கும்பிட்டார். கும்பிட்ட கை கும்பிட்டபடியே இருந்திருக்கலாம். ஓடிப்போய்த் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

நடுவர் நல்ல மனுஷர். மாஸ்டர் முகத்தைப் பார்க்காமலே பட்டியலில் அவள் எண்ணை அடித்துவிட்டார்.

"நான் எழுந்துக்கிட்டுதான் இருந்தேன் மாஸ்டர்," என்றாள் நத்தை.

வீட்டில் மனைவி, "பிள்ளை விழுந்தா தூக்காம இருக்க முடியுமாங்க?" என்றாள்.

"முடியணும்! ஊருக்கே சொன்னேன், என் கைக்குச் சொல்லலை," என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலையில் சாவியைப் பிரின்சிபாலின் மேஜைமேல் வைத்தார்.

"பிள்ளைங்க சரியில்ல, நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார் பிரின்சிபால்.

"பிள்ளைங்க மேல ஒரு குறையும் இல்ல சார். கெடுத்தது நான்."

அறைக்குத் திரும்பிப் பழைய ஷூக்களை மூட்டை கட்டித் தூக்கும்போது தலை கடைசி முறையாக இடித்தது. வெளியே நத்தை நின்றிருந்தாள், முழங்காலில் கட்டோடு.

"நாளைக்கு எத்தனை மணிக்கு மாஸ்டர்?"

"ரூமே போச்சு, இன்னும் என்ன நாளைக்கு?"

"நாம ரூமுக்குள்ளயா ஓடுறோம்?"

மாஸ்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஆறு மணி. லேட்டா வந்து பாரு!" என்று எரிந்து விழுந்தார்.