பதினாறு அப்பாக்கள்

பத்து வயதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எதைக் கண்டாலும் அடுக்கி வைப்பேன். நான் அடுக்கிய பிறகு வீட்டில் யாருக்கும் எதுவும் கிடைக்காது. ஆனாலும் பொறுப்பான பிள்ளை என்று வந்தவர் போனவரெல்லாம் புகழ்ந்ததில் தலைக்கனம் ஏறிப் போயிருந்தது.

பள்ளி விடுமுறையில் பகலெல்லாம் மலாக்கா டவுனில் இருந்த மாமாவின் ஸ்டூடியோவில்தான் கிடப்பேன். அம்மாவின் தம்பி அவர். கல்யாணப் படம், பாஸ்போர்ட் படம் எல்லாம் எடுப்பார் என்றாலும், இறந்தவர்களின் படத்தைச் செய்து கொடுப்பதில்தான் அவருக்குப் பேர். காலமெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களுக்குத் தனிப் படம் ஏது? யார் வீட்டுக் கல்யாணக் கும்பலிலோ ஓரமாக நிற்கும் முகத்தைப் பிரித்தெடுத்து, கோட்டும் டையும் மாட்டி, பின்னால் நீல வானம் வைத்துக் கொடுப்பார். இருந்தவரை சட்டைப் பொத்தானைக்கூட ஒழுங்காகப் போடாதவர்கள், சுவரில் ஏறும்போது துரை மாதிரி ஏறினார்கள்.

அந்தப் படங்களை மாமா கம்ப்யூட்டரில் வைத்திருந்த முறைதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஊருக்கு ஒரு ஃபோல்டர். ரெம்பியாவைத் திறந்தால் உள்ளே வீட்டுக்கு ஒரு ஃபோல்டர், கதவு எண்ணோடு. அந்த வீட்டைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு படம். அதன் பெயர் ‘அப்பா’. அடுத்த வீட்டிலும் ‘அப்பா’தான். வருகிறவர்கள் எங்கப்பா படம் என்று சொல்லி நீட்டுவார்கள், மாமாவும் அப்படியே பெயர் வைத்துவிடுவார். இறந்த மனிதரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் பக்கத்தில் மரியாதையும் இல்லை.

ஒரு படத்தைப் பார்க்க இத்தனை கதவு திறப்பதா? ஒரே வகையானதை ஒரே இடத்தில் போட வேண்டும் என்று பள்ளிக் கம்ப்யூட்டர் வகுப்பில் டீச்சர் சொல்லியிருந்தார். மாமா பசார் பக்கம் சாப்பிடப் போன ஒரு மதியம், ‘எல்லா அப்பாவும்’ என்று புது ஃபோல்டர் ஒன்று போட்டேன். ரெம்பியாவுக்குள் வீடு வீடாகப் போய், அங்கிருந்த பதினாறு படங்களையும் அதற்குள் கொண்டுவந்து போட்டுவிட்டு, காலியான வீடுகளை அழித்தேன். நடுவில் கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தது. படிக்காமலே ‘யெஸ்’ அழுத்தினேன். இதே பெயரில் இங்கே ஒருவர் இருக்கிறார், அவரை எடுத்துவிட்டு இவரை வைக்கவா என்று கேட்டிருக்கிறது. பதினைந்து தடவை கேட்டிருக்கிறது, பாவம்.

முடித்துவிட்டுத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு அப்பா இருந்தார். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஆல்பங்களைத் துடைக்க உட்கார்ந்தேன்.

மறுநாள் சாயங்காலம் ரெம்பியாவிலிருந்து ஓர் அக்கா வந்தார். ஃபேக்டரி யூனிஃபார்மோடு, வேலை முடிந்து நேராக வந்திருந்தார். அவருக்கு ஏழு வயதிலேயே அப்பா தவறிவிட்டாராம். அந்த வெள்ளிக்கிழமை புது வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். அப்பா படத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வாசற்படி ஏற வேண்டும் என்று அவருக்கு ஆசை. மாமா படத்தைச் செய்து முடித்து, அச்சுப் போடுமுன் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்.

மாமா ரெம்பியாவைத் திறந்தார். வீடுகளைக் காணோம். என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் துடைத்த ஆல்பத்தையே துடைத்தேன். பிறகு என் ஃபோல்டரைக் கண்டுபிடித்துத் திறந்தார். அக்கா குனிந்து பார்த்தார்.

“இது எங்கப்பா இல்லண்ணே.”

மாமா எங்கெங்கோ தேடினார். ஒன்றின் மேல் இன்னொன்றைப் போட்டால், முதலில் இருந்தது குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாதாம். மற்ற அப்பாக்கள் ஏற்கெனவே சட்டம் போட்டு அவரவர் சுவரில் ஏறிவிட்டவர்கள். அச்சுக்குப் போகாதவர் இவர் ஒருவர்தான்.

“என் தப்புலா, ம்மா. நான்தான் தெரியாம அழிச்சிட்டேன்,” என்றார் மாமா. முகத்தைப் பிரித்தெடுத்த அந்தப் பழைய கும்பல் படத்தைக் கொண்டுவந்தால் இரவோடு இரவாகச் செய்து தருவதாகவும் சொன்னார். மாமா திருப்பிக் கொடுத்த அந்தப் படம் வீட்டைக் காலி செய்த களேபரத்தில் தொலைந்துவிட்டது என்றார் அக்கா. அவர்களிடம் இருந்ததே அந்த ஒன்றுதான்.

அக்கா சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனார். அங்கிருந்து திரும்பி வந்தார்.

“அண்ணே, நீங்க பக்கத்துல வச்சிப் பாத்தீங்கல்ல… அந்தப் படத்துல அப்பா சிரிச்சிக்கிட்டா இருந்தாரு?”

மாமா கம்ப்யூட்டரை விட்டுத் திரும்பினார்.

“லேசா, ம்மா. ஒரு பக்கமா.”

அக்கா தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

மாட்டாமல் தப்பித்த சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சொந்த அப்பா சிரித்தாரா இல்லையா என்று யாராவது அடுத்தவரிடம் போய்க் கேட்பார்களா? வெளியே ஹாரன் சத்தம். என்னை அழைத்துப் போக என் அப்பா மோட்டாரில் வந்திருந்தார். ஓடிப்போய்ப் பின்னால் ஏறிக்கொண்டேன். அன்றைக்கு அவர் முகத்தை நான் நிமிர்ந்து பார்த்ததாகவே நினைவில்லை.