பெருக்கல் குறி

மெக்கானிக்குக்கு ஒரு பழக்கம். தேய்ந்துபோன ஷாக் அப்சார்பரைக் கழற்றினால், அதில் ஆணியால் ஆழமாக ஒரு பெருக்கல் குறி கீறிவிட்டுத்தான் பழைய இரும்போடு போடுவார். தவறிக்கூட யாரும் அதை மறுபடி மாட்டிவிடக் கூடாது.

அந்த இரும்பை அள்ளிக்கொண்டு போவது உதிரிபாகக் கடை வைத்திருக்கும் அவருடைய மச்சினன். புதுச் சாமானும் அவனிடம்தான் மலிவாக வாங்குவார். பெண்டாட்டியின் தம்பி கழுத்தறுப்பானா என்ன? அவன் கொடுத்ததை அவர் ஒருநாளும் தடவிப் பார்த்ததில்லை.

பள்ளி வேன் ஓட்டும் பெண் திரும்பவும் வந்து நின்றாள். "புதுசுன்னு சொல்லித்தானே மாட்டுனீங்க அண்ணே? குழியில இறங்குனா பிள்ளைங்க தலை கூரையில இடிக்குது."

கழற்றினார். எண்ணெய் கசிந்திருந்தது. துடைக்கத் துடைக்கக் கறுப்புப் பெயிண்ட் துணியோடு உரிந்து வந்தது. அடியில் பெருக்கல் குறி. அவர் கை கீறியதேதான்.

கடைக்குப் போய் அதை மச்சினன் முன்னால் வைத்தார். அவன் அசரவேயில்லை.

"உங்க குறி ரொம்ப உதவி மாமா. பெயிண்ட் அடிச்சாலும் விரல்ல தட்டுப்படும். நம்ம வீட்டு வண்டிக்குத் தவறி மாட்டிடக் கூடாதுல்ல."