விண்ணரசியின் எட்டு புள்ளி மூன்று வோல்ட்

நாகூரிலிருந்து தரங்கம்பாடி திரும்பும் பேருந்தில் மதலைமுத்து ஜன்னலோர இருக்கையை ஒரு துணிப்பைக்குக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் தான் உட்கார்ந்திருந்தார். பைக்குள் ஒரு பழைய பவர் சப்ளை. மின்சாரத்தை வேண்டிய வோல்ட்டில் அளந்து கொடுக்கும் மேசைப் பெட்டி அது. முகப்பில் சிவப்பு எண்கள், கீழே கையால் திருப்பும் இரண்டு திருகுகள். பழைய சாமான் கடை அன்சார் அதை மலிவாகக் கொடுத்தான். கொடுக்கும்போதே உண்மையையும் சொல்லிவிட்டான்.

"காட்டுறது ஒண்ணு, குடுக்குறது ஒண்ணுங்க இது. அப்புறம் வந்து என்னைத் திட்டக் கூடாது."

"திட்ட மாட்டேன் தம்பி. எவ்வளவு வித்தியாசம்?"

"அதை யாரு அளந்தா? நீங்கதான் அளக்குற ஆளு."

அளக்கிற ஆள்தான். முப்பத்து நான்கு வருடம் லஸ்கராக வாய்க்கால் மதகுகளைத் திறந்து மூடியவர். தினமும் காலை ஆறு மணிக்குத் தண்ணீருக்குள் நிற்கும் அளவுகோலைப் பார்த்து, அடியும் அங்குலமும் எழுதுவார். கோல் காட்டுவதை அப்படியே எழுத வேண்டும், கோலைக் கேள்வி கேட்கக் கூடாது என்பது அந்த வேலையின் முதல் பாடம். ஓய்வு பெற்ற பிறகும் நோட்டு நிற்கவில்லை. மழை, கிணற்று மட்டம், சுவர்க் கடிகாரத்துக்குப் பேட்டரி மாற்றிய தேதி என்று எல்லாம் அதில் ஏறின.

ஆறு மாதமாக அந்த நோட்டில் ஒரு வரி மட்டும் மாறாமல் வந்துகொண்டிருந்தது. 'விண்ணரசி இன்றும் பேசவில்லை.'

மூன்று வருடங்களுக்கு முன் தஞ்சாவூரில் அறுவை சிகிச்சை செய்து அவர் மனைவியின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு டார்ச் விளக்கு அளவில் ஒரு கருவி வந்தது. கழுத்தில் வைத்து அழுத்தினால் ரீங்காரமிடும். உதடும் நாக்கும் அந்த ரீங்காரத்தைச் சொல்லாக்க வேண்டும். மாதா கோயிலில் ஞாயிறுதோறும் வாசகம் வாசித்த விண்ணரசி, தகரத்துக்குள் மாட்டிய வண்டைப் போன்ற அந்தக் கீச்சொலியை இரண்டரை வருடம் பொறுத்துக்கொண்டார். ஒருநாள் மகள் வீட்டுக் குழந்தை ஜாஸ்லின் போனில் அதைக் கேட்டுப் பயந்து அழுதது. கருவியைக் கீழே வைத்தவர் பிறகு எடுக்கவில்லை. 'வண்டு பேசினது போதும்' என்று சிலேட்டில் எழுதினார்.

கோளாறு பேட்டரியில்தான், சீராக ஒன்பது வோல்ட் கிடைத்தால் குரல் சரியாகும் என்று மதலைமுத்து நம்பினார். பெட்டி வந்தது அதற்காகத்தான்.

பெட்டியைத் திறந்ததும் உள்ளே பல்லி முட்டை ஓடு இருந்தது. அதை எடுத்து ஜன்னலில் வைத்தார். தலை வீங்கிய கெப்பாசிட்டர் ஒன்றைக் கழற்றிப் புதியது பற்ற வைத்தார். திருகினால் எண்கள் துள்ளின. திருகின் உட்புறம் கறுத்திருந்த அழுக்கை ஸ்பிரிட்டில் துடைத்த பின் அமைதியாக ஏறி இறங்கின. இனி அளவு. பதினோரு வருடமாகத் தன்னோடு இருக்கும், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை இரண்டு முனைகளிலும் இணைத்தார். எண் பலகைக்குப் பின்னால் கடுகளவு திருகாணி ஒன்று இருந்தது. அதை முடியிழை முடியிழையாகத் திருப்பி, மீட்டர் காட்டுவதையே பெட்டியும் காட்டும்படி செய்தார். 3, 5, 9, 12 என்று நான்கு இடங்களில் சரிபார்த்து எழுதினார்.

ஆடி மாதத்துப் பிற்பகல். கொல்லைக்குப் பின்னால் கடைமடை வாய்க்காலுக்குத் தண்ணீர் இன்னும் வரவில்லை. வெயில் தென்னங்கீற்று வழியாக மேசைமேல் விழுந்து மிதந்தது. கருவியின் பேட்டரி அறையில் இரண்டு கம்பிகளைக் கோத்து, திருகை ஒன்பதில் நிறுத்தினார்.

"ஒரே ஒரு தடவை. எனக்காக."

விண்ணரசி வேண்டாவெறுப்பாகக் கழுத்தில் வைத்து அழுத்தினார். குளத்தின் அடியிலிருந்து எழுவது போலத் தாழ்வான, ஈரமான ஒரு முழக்கம் வந்தது. அவர் கண் விரிந்தது.

"யாருங்க இது பேசுறது?"

"நீதான்."

சற்று நேரம் அந்த முழக்கத்தை மட்டும் விட்டு விட்டு ஒலித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "ஆறு மாசமா நீங்க வைக்கிற குழம்புல உப்பே இல்ல."

"சிலேட்டுல எழுதியிருக்கலாமே."

"உப்பில்லைன்னு எழுதுனா கோபம் தெரியாதுங்க."

மூன்று நாள் அப்படிக் கழிந்தது. கம்பி இரண்டு முழ நீளம். விண்ணரசி மேசையோடு கட்டப்பட்டவராக உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். பேச்சு எங்கே தொடங்கியது, உறக்கம் எங்கே வந்தது என்று தெரியாத பிற்பகல்கள். பக்கத்து வீட்டுப் பூவிழி எட்டிப் பார்த்து, "என்னக்கா, ரேடியோ மாதிரி பிளக் போட்டுக்கிட்டீங்க" என்றாள். "உங்க மாமாகிட்ட ஆஃப் பண்ற சுவிட்ச் மட்டும் காட்டிடாத" என்றார் விண்ணரசி. ஜாஸ்லினுக்குப் போன் போடு என்று மதலைமுத்து சொன்னபோது மட்டும், "ஞாயித்துக்கிழமை பாக்கலாம்" என்றார்.

சனிக்கிழமை காலை மல்டிமீட்டரின் மூலையில் மங்கலாக ஒரு பேட்டரிக் குறி தெரிந்தது. மதலைமுத்து அவசரமாக நோட்டைப் புரட்டினார். கடிகாரம், டார்ச், ரிமோட் எல்லாவற்றுக்கும் தேதி இருந்தது. மீட்டருக்கு இல்லை. உள்ளே பேட்டரி இளைத்தால் மீட்டர் அளவைக் கூட்டிக் காட்டும் என்பது தெரிந்தவர்தான். ஆனால் அதுவல்லவா கோல். புதுப் பேட்டரி போட்டு மறுபடி அளந்தார். பெட்டி ஒன்பது என்றது. வருவது எட்டு புள்ளி மூன்று.

தவறான அளவை ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்திருக்க அவரால் முடியவில்லை. திருகாணியைத் திருப்பிச் சரிசெய்தார். இதுவரை பெட்டி சொன்னது பொய், இப்போது ஒன்பது உண்மையிலேயே ஒன்பது என்று மனைவியிடம் சொன்னார். விண்ணரசி கருவியை அழுத்தினார்.

வண்டு.

அவர் கருவியை மேசைமேல் வைத்துவிட்டு சிலேட்டைத் தேடி எடுத்தார். 'பழைய பொய்யையே போடுங்க' என்று எழுதினார். எழுத்து கலங்கியிருந்தது.

கருவி கெடவே இல்லை. சரியான ஒன்பதில் அதன் குரலே வண்டுதான். மதலைமுத்து வெகுநேரம் ஜன்னலில் இருந்த பல்லி முட்டை ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடுகுத் திருகாணியைத் தொடாமல், முகப்புத் திருகை மட்டும் 8.3 வரை இறக்கினார். "பொய் வேணாம். உன் அளவு இதுதான். அழுத்து."

"அப்ப ஞாயித்துக்கிழமையும் இந்த மேசைதானா?" என்றது குளத்தடிக் குரல்.

கேள்வி அவரை உறுத்தியது. பேட்டரி ஒன்பது கொடுக்கும். இவளுக்கு வேண்டியது எட்டு புள்ளி மூன்று. மிச்சம் பூஜ்யம் புள்ளி ஏழு. உதிரிப் பாகங்கள் கிடந்த டப்பாவைக் கவிழ்த்து டயோடு ஒன்றைத் தேடினார். நெல்மணி அளவுதான் இருக்கும். தன் வழியாகப் போகும் மின்சாரத்தில் ஏறக்குறைய அந்த பூஜ்யம் புள்ளி ஏழைத்தான் வாங்கிக்கொண்டு மிச்சத்தை விடும். கருவிக்குள், பேட்டரிக் கம்பியில் அதைப் பற்ற வைத்தார். புதிய பேட்டரி போட்டு, கம்பிகளைக் கழற்றி, கருவியை மனைவியின் கையில் கொடுத்தார்.

ஞாயிறு காலை விண்ணரசி போனோடு கொல்லைப் பக்கம் போனார். மதலைமுத்து மேசையில் உட்கார்ந்து கேட்டார். குரல் இரண்டு முழத்தைத் தாண்டியது, கிணற்றைத் தாண்டியது. ஸ்பீக்கர் போட்ட போனில் குழந்தை, "ஆச்சியா?" என்றது. "ஆச்சிதான்" என்றார் விண்ணரசி. "ஆச்சி, இன்னும் பேசு."

பேச்சு நெடுநேரம் நடந்தது. பிறகு வாய்க்கால் கரையிலிருந்து அந்தக் குரல் அவரைக் கூப்பிட்டது.

"தண்ணி வந்துருச்சுங்க."

"எவ்வளவு இருக்கு?"

"முழங்கால் அளவு."

மதலைமுத்து நோட்டைத் திறந்து, மணி பார்த்து எழுதினார். 'காலை 8.40. வாய்க்காலில் தண்ணீர். விண்ணரசியின் முழங்கால் அளவு. சொன்னது விண்ணரசி.'