டீ கொட்டியும் சுடாத கால்

என் வலது பாதத்தின் மேல் கொதிக்கக் கொதிக்க டீ கொட்டியது, நான் கத்தவில்லை. நான் செய்த குற்றம் அது ஒன்றுதான். எங்கள் பனியன் கம்பெனியில் காலை டீ நேரத்தில் கேத்தலைத் தூக்கிவந்தவரின் கை தவறிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் அலறிய பிறகுதான் குனிந்து பார்த்தேன். தோல் சிவந்து கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"ஏனுங்கக்கா, சுடுலீங்களா?" என்றாள் எனக்குப் பின் மெஷினில் தைப்பவள். வெள்ளகோவிலிலிருந்து கம்பெனி வேனில் வருகிறவள். ஆறு வருடமாக என் குழம்பை அவளும் அவள் பொரியலை நானும் தின்றிருக்கிறோம்.

"இல்லையே கண்ணு" என்றேன், ஏதோ பெரிய சாமர்த்தியம் போல.

அவள் முகம் மாறிவிட்டது. "எங்கூர்ல ஒருத்தருக்கு இப்படித்தானுங்க ஆரம்பிச்சுது. சுடாது, குத்துனாத் தெரியாது. அப்புறம் விரலெல்லாம்..." என்று பாதியில் நிறுத்தினாள். நிறுத்துகிறவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே நிறுத்தியிருக்கலாம்.

மதியம் வட்டமாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தோம். அன்றைக்கு என் பாகற்காய் வறுவல். மற்ற நாளில் அதற்கு அடிதடி நடக்கும். அன்று ஒரு கையும் நீளவில்லை. வெள்ளகோவில்காரி தன் பாக்ஸைச் சத்தமில்லாமல் ஒரு சாண் தள்ளி வைத்தாள். மற்றவர்களும் தள்ளி வைத்தார்கள். தொழுநோய் என்று ஒருத்தியாவது வாய்விட்டுச் சொல்லியிருந்தால் திருப்பிக் கேட்டிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார்கள். எரிச்சலில் டப்பாவை மூடினேன்.

மூன்று மணிக்கு சூப்பர்வைசர் கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்து உக்காருங்க. வெளிநாட்டுப் பையர் சரக்குப் பாக்க வர்ற நேரமுங்க" என்றார். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை. நான் கேட்டைத் தாண்டுவதற்குள் என் நாற்காலியை பினாயில் ஊற்றித் துடைக்கச் சொன்னதும் அதே வாய்தான். அந்த வாடை மண்ணரையில் இருக்கும் என் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

இரண்டு ராத்திரி தூங்கவில்லை. உண்மையிலேயே அந்த நோயாக இருந்தால் என்ன செய்வது? மெஷினை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்? குத்தினால் தெரிகிறதா என்று ஊக்கால் குத்திக் குத்தியே காலில் புள்ளிகள் விழுந்துவிட்டன.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பஞ்சாலும் ஊசியாலும் முழங்காலிலிருந்து விரல்நுனி வரை தொட்டுக்கொண்டே வந்தார். தெரிந்தால் 'தெரியுது' என்று சொல்ல வேண்டும். நான் வாயைத் திறக்காத இடத்திலெல்லாம் பேனாவால் கோடு போட்டார். கண்ணைத் திறந்தபோது என் காலில் ஒரு வரைபடம் இருந்தது. கெண்டைக்காலின் வெளிப்பக்கத்தில் பாதிக்கு மேல் தொடங்கி, கணுக்காலின் முன்னால் இறங்கி, பாதத்தின் மேற்புறம் முழுக்கப் பரவியிருந்தது. உள்பக்கம், பின்பக்கம், சுண்டுவிரலின் வெளியோரம், உள்ளங்கால் எல்லாம் நன்றாக இருந்தன.

"ஒரு காலுக்கு ஒரே நரம்பு இல்லம்மா. உள்பக்கத் தோலுக்குத் தொடையிலேர்ந்து ஒண்ணு இறங்கி வருது. பின்னாடிக்கும் சுண்டுவிரல் ஓரத்துக்கும் வேற. உள்ளங்காலுக்கு வேற. உங்களுக்குக் கெட்டிருக்கிறது இந்தக் கோடு போட்ட இடத்து நரம்பு ஒண்ணுதான்" என்றார். டி-ஷர்ட்டுக்கு முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் என்று தனித்தனியாக வெட்டித் தைப்பதுபோல என்று எனக்கு உடனே பிடிபட்டது. அந்த நோயானால் தோலில் நிறம் மாறிய தேமல் இருக்கும், நரம்பு தடித்திருக்கும். எனக்கு இரண்டும் இல்லை என்றார். "இருந்தாத்தான் என்ன? மாத்திரையில குணமாகுது. எதுக்கு ஒதுக்குறாங்க?" என்று அவரும் கோபப்பட்டார். எனக்குச் சுருக்கென்றது. நோய் எனக்கு இல்லை என்பதில் சந்தோஷப்பட்டேனே தவிர, அப்படி நான் யோசிக்கவில்லை.

பிறகு முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்தில் துருத்தும் எலும்பை அழுத்தினார். விர்ரென்று பாதம் வரைக்கும் ஓடியது. "நரம்பு இந்த எலும்பைச் சுத்தித் தோலுக்கடியிலேயே போகுது. இங்க எது அழுத்துது? எப்படி உக்காந்து தைப்பீங்க?"

உட்கார்ந்து காட்டினேன். எங்கள் மெஷினின் கீழே வலப்பக்கம் ரப்பர் பேட் வைத்த ஒரு இரும்புக் கை இருக்கும். முழங்காலால் தள்ளினால், ஊசியடியில் துணியை அமுக்கிப் பிடித்திருக்கும் இரும்புப் பாதம் மேலே எழும்பும். அந்தப் பேட்டை நான்கு விரல் கீழே இறக்கிவிட்டால், காலை எடுக்கவே வேண்டாம். சாய்த்து வைத்தபடியே தள்ளலாம், காலர் பட்டி வேகமாக ஓடும். இது நானே கண்டுபிடித்த வித்தை. சூப்பர்வைசர் எங்கள் தையல் லைனில் இருந்த எல்லோரையும் என் பக்கத்தில் நிறுத்தி, "அக்கா எப்படி உக்காந்திருக்காங்கன்னு பாத்துக்குங்க" என்று காட்டினார். எல்லா மெஷினிலும் பேட்டை இறக்கச் சொன்னார். நான் பெருமையாகப் பல்லைக் காட்டிக்கொண்டு ஒவ்வொருத்திக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

"அதேதான். அந்தப் பேட் நேரா இந்த எலும்பு மேல அழுத்துது" என்றார் டாக்டர். உணர்ச்சி மெதுவாகத் திரும்பும், எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்று லெட்டரும் எழுதிக் கொடுத்தார்.

லெட்டரை சூப்பர்வைசர் மேஜையில் அறைந்து வைத்தேன். படித்துவிட்டு, "நல்லவேளைங்க. இன்னைக்கே உக்காந்துக்குங்கக்கா, பட்டி தேங்கி நிக்குது" என்றார். பினாயிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"மொதல்ல எல்லா மெஷின்லயும் பேட்டை மேல ஏத்துங்க" என்றேன்.

"ஷிப்மென்ட் போகட்டுமுங்க, பாத்துக்கலாம்."

ஒரு மெஷினுக்கு இரண்டு நிமிட வேலை. நாற்காலியைத் துடைக்க ஆள் கிடைத்தது, பேட்டின் திருகாணியைத் திருப்ப ஆள் இல்லை! லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

மதியம் மார்க்கிங் சாக்பீஸும் ஒரு ஊக்கும் எடுத்துக்கொண்டு வட்டத்தின் நடுவில் போய் உட்கார்ந்தேன். "எனக்கு அந்த நோய் இல்லை. காலைக் காட்டுங்க புள்ளைகளா" என்றேன். ஒருத்தியும் அசையவில்லை. ஊரெல்லாம் என்னைப் பேசவைத்த வெள்ளகோவில்காரிக்கென்று தனியாக வசவு சேர்த்து வைத்திருந்தேன். அவள்தான் முதலில் நகர்ந்து வந்து, சுடிதார் பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டினாள்.

"எனக்கு ஆடி மாசத்துல இருந்தே தெரியறதில்லீங்கக்கா. செருப்புக் கழண்டாலும் தெரியாது. ஊட்டுல சொன்னா என்னாகுமோன்னு பயமுங்க. உங்களைப் பாத்ததும் இன்னும் பயந்துட்டனுங்க" என்றாள்.

உள்பக்கம் குத்தினேன், துள்ளினாள். சுண்டுவிரல் ஓரத்தில் குத்தினேன், துள்ளினாள். வெளிப்பக்கம் குத்தினேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போட்ட சாக்பீஸ் கோடு, டாக்டர் என் காலில் போட்ட கோடு மாதிரியே வளைந்து இறங்கியது.

"எதனாலீங்கக்கா இது?"

சூப்பர்வைசர் பெயரைச் சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"நான் உனக்குச் சொல்லிக்குடுத்தன் பாரு கண்ணு, பேட்டுல காலைச் சாச்சு வெக்கச் சொல்லி. அதனால" என்றேன்.

அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.